அஜ்மானில் ஒரு கரடிப்பூனை

யோகன் அண்ணாவை அந்தக் குழுவை விட்டு ஓட வைத்தது நான்தான். அதுவும் ஒரு பாகைமானியை வைத்து.

பழைய விமானப் படங்களை அடையாளம் காண்பதற்கென்றே இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. யாராவது பரணிலிருந்து ஒரு மங்கலான படத்தை எடுத்துப் போட்டு, "இது என்ன விமானம்?" என்று கேட்பார்கள். உடனே பல நாடுகளிலிருந்தும் வேறு வேலை இல்லாதவர்கள் பாய்ந்து வருவோம். நான் கரூரில் பல் டாக்டர். வாயில் மீந்திருக்கும் நாலு பல்லைப் பார்த்து மற்றதை ஊகிப்பது என் தொழில். வால் நுனியைப் பார்த்து விமானத்தின் பெயரைச் சொல்வதற்கும் அதற்கும் அதிக தூரமில்லை என்று என் கணவரிடம் விளக்கியிருக்கிறேன். "சரிம்மா, சாம்பார் அடிப்பிடிக்குது" என்றார்.

துபாய்க்குப் பக்கத்து அஜ்மானிலிருந்து யோகநாதன் என்பவர் ஒரு கலர் படம் போட்டிருந்தார். அமெரிக்கப் பாலைவனத்தில், போர்க் காலத்துச் சண்டை விமானங்களை வைத்து ரேஸ் விடுவார்கள். நட்டு வைத்த தூண்களைச் சுற்றிப் பனைமர உயரத்தில் பறக்க வேண்டும். அந்த ரேஸ் ஒன்றில் எடுத்த படம். ஒல்லியான ஓர் இளைஞர் விமானத்தின் மூக்கை முழுக்க மறைத்துக்கொண்டு சிரிக்கிறார். அவர் தலைக்கு மேல் முயல் காது மாதிரி காற்றாடியின் இரண்டு தகடுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கீழே எழுதியிருந்தார்: "பேர்கேட் விமானம். நான் இதில் மெக்கானிக். அந்த வருடம் இரண்டாம் இடம் பெற்றோம்."

பேர்கேட்டுக்கு நான்கு தகடு. இரண்டு தகடுக்கு நடுவே தொண்ணூறு பாகை இருக்க வேண்டும். எனக்குப் படத்தைப் பார்த்ததுமே உறுத்தியது. மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்துத் திரையில் வைத்தேன். எழுபத்திரண்டு. அப்படியென்றால் ஐந்து தகடு. ஐந்து தகடென்றால் இங்கிலாந்துக்காரர்களின் ஸீ ஃப்யூரி. படத்தின் மேல் பாகைமானியை வரைந்து, சிவப்பு அம்புக்குறி போட்டு, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டேன். நாற்பது பேர் கைதட்டினார்கள். யோகநாதன் ஒரே ஒரு பதில் எழுதினார்: "படம் எடுத்தவர் சாய்ந்து நின்றவர்." மறுநாள் குழுவில் அவரைக் காணோம்.

ஜெயித்த சந்தோஷம் ஒரு வாரம் இருந்தது. அப்புறம் ஒவ்வொரு முறை வேர் சிகிச்சை செய்யும்போதும் அந்த முயல் காது இளைஞரின் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது. துபாயில் பல் டாக்டர்கள் மாநாடு என்று அழைப்பு வந்ததும், அவருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். "நேரில் வந்து சொல்லுங்கோ" என்று பதில் வந்தது. கூடவே விலாசம்.

வியாழக்கிழமை போய் இறங்கினேன். வெள்ளி முழுக்க மாநாடு. மதியச் சாப்பாட்டில் கொண்டைக்கடலையை ஏழு விதமாக அரைத்து ஏழு கிண்ணங்களில் வைத்திருந்தார்கள். ஏழும் ஒரே ருசி. பக்கத்தில் இருந்த லெபனான் டாக்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னார். நான் பயணப் பையில் இருக்கும் பருப்புப் பொடியை நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

சனிக்கிழமை, ஈறு நோய்கள் பற்றிய உரைக்கு நடுவே நழுவி அஜ்மான் பஸ் ஏறினேன். ஏறியதாக நினைத்தேன். கரூரில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிற பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவள் நான். பஸ்ஸின் ஆணியைப் பார்த்தே எந்தப் பட்டறை என்று சொல்வேன். ஆனால் அது எங்கே போகிறது என்பதைப் பார்க்க மறந்துவிட்டேன். ஏசியில் தூங்கி விழித்தபோது பஸ் சோனாப்பூரில் நின்றது. வரிசை வரிசையாகத் தொழிலாளர் கேம்ப்கள். ஜன்னலுக்கு ஜன்னல் துணி காய்ந்தது. நிறுத்தத்தில் கன்னத்தில் துண்டு கட்டிய ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த பையில் தமிழில் ஒரு ஜவுளிக்கடைப் பெயர்.

"அஜ்மானுக்கு எப்படிங்க போறது?"

"ராங் பஸ்ஸு மேடம்" என்றார், வாயின் ஒரு பக்கத்தால் மட்டும். பெயர் முத்துப்பாண்டி, முதுகுளத்தூர்க்காரர். ஏசி மாட்டுகிற வேலை. பல் வலியால் டியூட்டிக்கு லீவு போட்டிருக்கிறார்.

கன்னம் வீங்கிய ஒருவரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக எனக்குத் தெரியாது. "வாயத் திறங்க" என்றேன். போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டியிருந்தது. இன்றைக்கே கிளினிக் போக வேண்டும், பல்லை எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால் அவருக்குப் பின்னால் வரிசை நிற்கிறது. ஒரு நேபாளி, இரண்டு பீகாரிகள், ஒரு தெலுங்குக்காரர், யாரென்று தெரியாத மூன்று பேர். "பாய், ஜல்தி, டாக்டர் ஃப்ரீ மே தேக் ரஹி ஹை" என்று, இலவச வைத்தியத்துக்கு யாரோ போனில் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வெயிலில் இன்னும் ஏழு வாய் பார்த்தேன். மாநாட்டில் இரண்டு நாளில் கற்றதைவிட அதிகமாகக் கற்றேன்.

சரியான பஸ் வரும் வரை முத்துப்பாண்டி கூடவே நின்றார். அஜ்மானில் என்ன வேலை என்று கேட்டார். போனில் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தார். "ஏரோப்ளேன் தெரியாது மேடம். ஆனா ஃபேன் தெரியும். இது அஞ்சு ரெக்கை ஃபேனு. நாலு ரெக்கைன்னா இன்னும் விரிஞ்சிருக்கும்." கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. பஸ் வந்ததும், "யல்லா மேடம், ஏறுங்க. இந்தத் தடவ தூங்காதீங்க" என்றார்.

அஜ்மானில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவருக்கு எழுபது வயது இருக்கும். ஒல்லி அப்படியே, சிரிப்பு மட்டும் இல்லை.

"வாங்கோ டொக்டர். பாகைமானி கொண்டு வந்தனீங்களோ?"

"இல்லீங்கண்ணா."

"பொய் சொல்லாதேங்கோ."

கைப்பையில்தான் இருந்தது. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி பவளம் அக்கா எட்டிப் பார்த்தார். "முதல்ல சாப்பிடட்டும். சண்டை பிறகு."

இடியாப்பம், சொதி, சம்பல், ஆட்டுக்கறி. கொங்குநாட்டில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் சொதி மாதிரி ஒன்றைச் செய்யலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றாமல் போனது எப்படி என்று தெரியவில்லை. மூன்று தடவை வாங்கிக் குடித்தேன். வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். அடுத்த வாரம் வீட்டைக் காலி செய்து யாழ்ப்பாணம் போகிறார்கள். மறுநாள் மதியம் நண்பர்கள் பிரியாவிடை விருந்து வைத்திருக்கிறார்கள். சுவரில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள், அந்தப் படம் மட்டும் சட்டத்துக்குள் அப்படியே தொங்கியது.

யோகன் அண்ணா அந்த நாளில் ஷார்ஜாவில் ஒரு சிறு விமான கம்பெனியில் மெக்கானிக். அவருடைய இங்கிலாந்து முதலாளிக்கு அமெரிக்காவில் ஒரு பழைய பேர்கேட்டில் பாதிப் பங்கு இருந்தது. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ரேஸுக்கு இவரையும் ஆறு வாரம் கூட்டிப் போனார்.

"பேர்கேட்டைத் தமிழாக்கிக் கரடிப்பூனை எண்டு நான் பேர் வச்சனான்" என்றார். "எட்டுப் பிளேன் ஒண்டாப் பறக்கேக்க நெஞ்சுக்கூடு அதிரும். சத்தத்தில என்ர பல்லடைப்பு ஒண்டு கழண்டு விழுந்திட்டுது. மணலுக்குள்ள தேடினன், கிடைக்கேல்லை."

"எந்தப் பல்லுங்க?" என்று கேட்டுவிட்டேன். காட்டினார். இன்னும் அடைக்கவில்லை.

மன்னிப்புக் கேட்க வந்தவள் கேட்டிருக்கலாம். ஆனால் வாயில் வந்தது வேறு. "அண்ணா, நான் அப்படி எல்லார் முன்னாடியும் போட்டது தப்புங்க. ஆனா அது ஸீ ஃப்யூரிதாங்க."

"உது பேர்கேட்."

"அஞ்சு ரெக்கைங்க."

"டொக்டர், அந்த ரெக்கையளை ஆறு கிழமை காலமை காலமை இந்தக் கையால தள்ளினவன் நான்!"

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. சிலிண்டர்களை வட்டமாக அடுக்கிய இந்த மாதிரி எஞ்சின்களில், நிறுத்தி வைத்திருக்கும்போது கீழ் சிலிண்டர்களுக்குள் எண்ணெய் இறங்கிவிடும். கிளப்பும் முன் காற்றாடியைக் கையால் சுற்றி அதைத் தள்ளாவிட்டால் எஞ்சின் உடையும். ஆட்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு தகட்டைத் தள்ளிவிட்டுச் சுற்றி வருவார்கள். மூக்கைப் பார்த்து நின்றால், பேர்கேட்டின் அமெரிக்க எஞ்சினுக்குக் கீழ்த் தகட்டை இடமிருந்து வலமாகத் தள்ள வேண்டும். ஸீ ஃப்யூரியின் எஞ்சின் அதற்கு எதிர்ப்பக்கம்.

"எப்படித் தள்ளுவீங்கன்னு காட்டுங்கண்ணா" என்றேன்.

டிவி மேசைதான் விமானத்தின் மூக்கு என்று வைத்துக்கொண்டோம். மூன்று ஆள் வேண்டும் என்று பவளம் அக்காவையும் கரண்டியோடு கூப்பிட்டார். மூக்கைப் பார்த்து நின்று, இல்லாத ஒரு தகட்டில் கையை வைத்துத் தள்ளினார். இடமிருந்து வலம். அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் அக்கா. தள்ளிவிட்டு ஓடி, சோபாவைச் சுற்றி, மறுபடி வரிசைக்கு வந்தோம். "ஒரு ரெக்கை நுனியில மஞ்சள் பெயின்ற் உரிஞ்சிருந்தது, நாலு ரெக்கை போனால் அது திரும்ப வரும். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, உரிஞ்சது! ஒண்டு, ரெண்டு..." ஆறாவது சுற்றில் கீழ் வீட்டு எகிப்துக்காரர் கதவைத் தட்டி, எல்லோரும் நலமா என்று கேட்டார். நாங்கள் சோபாவைச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் உடற்பயிற்சி நல்லது என்று சொல்லிப் போனார்.

மூச்சு வாங்க உட்கார்ந்தேன். இடமிருந்து வலம். நாலு தகடு. அந்த உடம்பு பொய் சொல்லவில்லை. அவர் தள்ளியது பேர்கேட்தான். ஆனால் படத்தில் இருப்பது அது இல்லை.

எழுந்து போய்ச் சட்டத்துக்கு மூக்கை ஒட்டிப் பார்த்தேன். அந்தக் காலத்துப் படங்களுக்கு நாலு பக்கமும் வெள்ளை விளிம்பு இருக்கும். இதில் மூன்று பக்கம் இருந்தது. வலப்பக்கம் இல்லை.

"அண்ணா, இந்தப் படத்துல இன்னும் கொஞ்சம் இருக்குதுங்களா?"

அக்கா சமையலறைக்குப் போய்விட்டார். மிக்ஸி ஓடியது. யோகன் அண்ணா வெகுநேரம் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை ஈரமாகவே இல்லை. பிறகு ஸ்க்ரூட்ரைவரை எடுத்து வந்து சட்டத்தைக் கழற்றினார்.

படத்தில் மூன்றில் ஒரு பங்கு பின்னால் மடிக்கப்பட்டிருந்தது. விரித்தார். இளைஞருக்கு வலது பக்கம் நீலச் சட்டை போட்ட நாலு பேர், இந்த ஆள் யார் என்பது போல் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், கொட்டகை வாசலில் இன்னொரு விமானம். அதற்கு மூக்கே இல்லை. எஞ்சின் தனியாகச் சங்கிலியில் தொங்குகிறது.

"அதுதான் எங்கட பிளேன்" என்றார் மெல்லிய குரலில். "ரேஸுக்கு முதல் நாள் பயிற்சியில எஞ்சின் வெடிச்சிட்டுது. நாங்கள் ஓடவே இல்லை, டொக்டர். ரெண்டாம் இடம் வந்தவை நீலச் சட்டைக்காரர்."

"அப்புறம் ஏங்கண்ணா?"

"கலியாணம் பேசி ஆறு மாசம். பவளத்துக்குப் படம் அனுப்புறன் எண்டு சொல்லிப்போட்டன். மூக்குக் கழண்ட பிளேனுக்கு முன்னால நிண்டோ அனுப்புறது? பக்கத்துப் பிளேன் வடிவா நிண்டது. மடிச்சதும் நான்தான். பிறகு சொல்லிச் சொல்லி எனக்கே மறந்து போச்சு. உங்கட பாகைமானியைக் கண்டோடன, பிடிபட்டிட்டன் எண்டு குழுவை விட்டு ஓடினனான்."

கோபத்தில் போனார் என்று நான் இத்தனை நாள் உருகிக்கொண்டிருந்தேன். மனிதர் பயத்தில் ஓடியிருக்கிறார். முப்பத்தெட்டு வருடம் எதிரியின் விமானத்துக்கு முன்னால் நின்று சிரித்தவரைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் சோபாவில் விழுந்து, சத்தம் வராமல் இருக்க ஆளுக்கொரு தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தோம்.

அப்போது போன் அடித்தது. விருந்தை ஏற்பாடு செய்கிற செல்வம். ஹட்டன்காரர், பேக்கரியில் வேலை. ஸ்பீக்கரில் அவர் குரல் துள்ளியது. "அண்ணே, கேக்கு ரெடி! உங்க ப்ளேன் படத்த அப்படியே மேல பிரிண்ட் போட்டாச்சு. 'அமெரிக்காவில் இரண்டாம் இடம், அஜ்மானில் முதலிடம்'னு எழுதியாச்சு!"

யோகன் அண்ணாவின் சிரிப்பு நின்றது. "செல்வம், அந்த எழுத்தைக் கொஞ்சம்..."

"கலாஸ் அண்ணே, முடிஞ்சுபோச்சு, க்ரீம் காஞ்சிருச்சு!"

ஞாயிறு மதியம் போனபோது அந்தச் சின்ன வீட்டில் இருபது பேர் இருந்தார்கள். கராஜ் ஃபிட்டர்கள், வெல்டர்கள், ஒரு கிரேன் ஆபரேட்டர், அவர்களுடைய மனைவிமார், கட்டிலுக்கடியில் ஆங்கிலத்தில் சண்டை போடும் குழந்தைகள். நடுவில் கேக். மேசையைவிடப் பெரிதாக இருந்ததால் இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். க்ரீமில் முயல் காது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லும் நான், என் வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். சொல்வதும் சொல்லாததும் அவர் பாடு.

கத்தியைக் கையில் கொடுத்தார்கள். எல்லோரும் போனைத் தூக்கினார்கள். யோகன் அண்ணா கத்தியைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"ஒரு விசயம் சொல்ல வேணும்" என்றார். "நாங்கள் ரெண்டாம் இடம் வரேல்லை. ரேஸில ஓடவும் இல்லை. எஞ்சின் வெடிச்சிட்டுது. இவ்வளவு காலமும் உங்கள் எல்லாருக்கும் பொய் சொல்லிப்போட்டன். பவளத்துக்கும்தான்."

கேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களின் கை இறங்கியது. பவளம் அக்கா சோற்றுப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். நான் தரை விரிப்பில் இருந்த பூக்களை எண்ணினேன்.

செல்வம்தான் முதலில் பேசினார். "அப்ப இந்தக் கேக்குல இருக்கிறது யாரோட ப்ளேன் அண்ணே?"

"நீலச் சட்டைக்காரரின்ர. எங்கட எதிரி."

செல்வம் கேக்கைப் பார்த்தார். "அப்ப வெட்டுங்க அண்ணே!"

வீடே கத்தியது. யோகன் அண்ணா எதிரியின் காற்றாடியில் கத்தியை இறக்கினார். முதல் துண்டில் அவருடைய சொந்த முகமும் வந்துவிட்டது. அதைப் பவளம் அக்காவுக்கு ஊட்டினார்கள். "முப்பத்தெட்டு வருசம் இந்த முகத்தைப் பாத்தாச்சு, இண்டைக்குத்தான் இனிக்குது" என்றார் அக்கா. அவர் சிரித்ததும்தான் யோகன் அண்ணாவுக்கு மூச்சு வந்தது.

கிரேன் ஆபரேட்டர் புதுக்கோட்டைக்காரர். வாயில் க்ரீமோடு கேட்டார். "அண்ணே, எஞ்சினு எப்படிண்ணே வெடிச்சுச்சு?"

அவ்வளவுதான். யோகன் அண்ணா ஒரு கோழிக்காலை எடுத்தார். அதுதான் பிஸ்டன் தண்டு. தட்டுகளை வட்டமாக அடுக்கினார். பதினெட்டு சிலிண்டர். எண்ணெய் எங்கே கசிந்தது, வெடித்தபோது முதலாளி என்ன வார்த்தை சொன்னார், பக்கத்துக் கொட்டகையில் ஒரு ஸ்பேனர் கடன் வாங்கப் போய் எப்படி மூன்று பாஷையில் திட்டு வாங்கினார், சங்கிலியில் எஞ்சினை ஏற்றும்போது கொக்கி நழுவி முதலாளியின் தொப்பியை எப்படித் தூக்கிப் போனது என்று ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். கேட்டவர்கள் எல்லோரும் கையில் ஸ்பேனர் பிடிக்கிறவர்கள். "அந்த போல்ட்ட அப்படிக் கழட்டக் கூடாதே!" என்று வெல்டர் ஒருவர் எழுந்து நின்று கத்தினார். "அதைத்தான் நானும் துரைக்குச் சொன்னனான்!" என்று இவர் பதிலுக்குக் கத்தினார். சோறு ஆறியது. ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டாம் இடம் என்பதை எல்லோரும் மறந்தே போனார்கள்.

சாயங்கால விமானத்துக்கு நேரமாகிவிட்டது. நான் எழுந்தபோது அவர் பதினோராவது சிலிண்டரில் இருந்தார். கோழிக்காலை ஆட்டி விடை கொடுத்தார். பவளம் அக்கா ஒரு டப்பாவில் சம்பல் போட்டுக்கொண்டு லிஃப்ட் வரை வந்தார்.

"அக்கா, உங்களுக்குக் கோபம் இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"என்ன கோபம்? ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தச் சட்டத்தைக் கழட்டித் துடைக்கிறது ஆர் எண்டு நினைக்கிறியள்?"

லிஃப்ட் வந்தும் நான் ஏறவில்லை. "அப்ப உங்களுக்கு எப்பவோ தெரியுமுங்களா? ஏங்கக்கா அவருகிட்ட சொல்லல?"

உள்ளே யோகன் அண்ணாவின் குரல் உயர்ந்தது. தாமதமாக வந்த யாருக்கோ மறுபடி முதல் சிலிண்டரிலிருந்து தொடங்கியிருந்தார். அக்கா பெருமூச்சு விட்டார்.

"ரெண்டாம் இடம் வந்த கதை பத்து நிமிசத்தில முடிஞ்சிடும், டொக்டர்."